காகிதம் பைலில், அதன் இடம் கம்ப்யூட்டரில்: கோடை முகாம் அலுவலகத்தை ஒழுங்குபடுத்துவது எப்படி?

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் போதும். நீச்சல், செஸ், ஓவியம், கீபோர்டு, கராத்தே என்று ஊருக்கு ஊர் கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடும். பள்ளி வகுப்பறையிலோ, கல்யாண மண்டபத்திலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறையிலோ நடக்கும் இந்த முகாம்களுக்கு ஓர் அலுவலகமும் உண்டு. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ரசீது புத்தகம், ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். சேர்க்கைப் படிவம், போட்டோ, பிறந்த தேதிச் சான்று, டாக்டர் சீட்டு என எல்லாத் தாள்களும் அந்த ஒரே கவருக்குள்தான் இருக்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் வீட்டைத் தேடி இந்தக் கவர் வந்துவிடுவது வழக்கம். "உங்க வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கே, இதையெல்லாம் கொஞ்சம் அதுல ஏத்திக் கொடுத்திருங்க" என்று முகாம் நடத்துபவர் சொல்வார். நாமும் உற்சாகமாக ஒவ்வொரு படிவத்தையும் ஸ்கேன் செய்யவோ, வரிக்கு வரி டைப் செய்யவோ ஆரம்பிப்போம். நான்காவது நாள் சலித்துவிடும். பாதிப் படிவம் கம்ப்யூட்டரில், மீதி கவரில். முன்பு ஓர் இடத்தில் தேடினால் போதும். இப்போது இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

எனவே முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். முகாம் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்றுதான். எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தாளைப் பத்திரமாக வைத்திருக்கும் வேலையைப் பைலுக்கே விட்டுவிடுங்கள். பெற்றோரின் கையெழுத்து இருப்பதும் அந்தத் தாளில்தான்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். காலை பதினொரு மணிக்கு ஒரு பையனுக்கு மூச்சு இரைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் பையில் இருக்கிறது, அம்மாவின் போன் எண் இது என்று படிவத்தில் அவன் அப்பா தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் படிவம் கவருக்குள் 120 படிவங்களுக்கு நடுவே கிடக்கிறது. எழுதி வாங்கியும் பயனில்லை. நம் இலக்கு இதுதான்: எந்தக் குழந்தையின் படிவமானாலும் அரை நிமிடத்தில் கைக்கு வர வேண்டும். அலுவலகத்தில் யார் இருந்தாலும் எடுக்கத் தெரிய வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் முடிய வேண்டும்.

முதல் வேலை: தாள்களைப் பிரியுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் கவரில் உள்ளதைத் தரையில் கொட்டுங்கள். தாள் பெரிதா சிறிதா, வெள்ளையா மஞ்சளா என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். எப்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள். எந்த முகாமானாலும் நான்கு கட்டுகள்தான் வரும்.

1. குழந்தை பற்றிய தாள்கள்: சேர்க்கைப் படிவம், பெற்றோர் சம்மதக் கடிதம், உடல்நலக் குறிப்பு, சான்றிதழ் நகல்கள். எந்த நிமிடமும் தேவைப்படலாம்.

2. அன்றாடத் தாள்கள்: வருகைப் பதிவு, வகுப்பு நேர அட்டவணை, பயிற்சியாளர்களின் போன் பட்டியல். தினமும் கை படும்.

3. பணம் பற்றிய தாள்கள்: ரசீது புத்தகங்கள், செலவு பில்கள், வவுச்சர்கள். வாரம் ஒருமுறை கணக்குப் பார்க்கும்போது வேண்டும்.

4. இடம், அனுமதி பற்றிய தாள்கள்: வாடகை ஒப்பந்தம், அனுமதிக் கடிதம், போட்டிக்கு அனுப்பிய கடிதங்கள். எப்போதாவது கேட்பார்கள்.

நான்குக்கும் நான்கு பைல். ஸ்டேஷனரி கடையில் 'பாக்ஸ் பைல்' என்று கேட்டால், உள்ளே இரும்பு வளையமும் நெம்புகோலும் உள்ள கெட்டி அட்டை பைல் கொடுப்பார்கள். இரண்டு துளை போடும் பஞ்சிங் மெஷினும் ஒன்று வேண்டும். இதில் இரண்டு துளைக்கும் இடையே உள்ள தூரம் பொதுவாக 80 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஓ. 838 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் அளவு இது. அதனால் ஒரு கம்பெனி மெஷினில் போட்ட துளை இன்னொரு கம்பெனி பைலில் சரியாக உட்காரும். கையால் குத்தி நூல் டேக் கட்டுவதைவிட இது நல்லது. நடுவில் உள்ள தாளை எடுக்க முழுக் கட்டையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

படிவம் ஏ4 அளவிலும் சான்றிதழ் நகல் லீகல் சைஸிலும் இருந்தால் தொல்லை. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ., லீகல் தாளின் உயரம் 356 மி.மீ. நீளமான தாள் பைலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிழியும். ஜெராக்ஸ் எடுக்கும்போதே ஏ4 அளவுக்குச் சுருக்கி எடுத்துவிடுங்கள்.

பெயரால் அடுக்காதீர்கள், எண்ணால் அடுக்குங்கள்

படிவங்களை எப்படி அடுக்குவது? பெயரின் அகர வரிசையில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் இது சரிப்பட்டு வராது. நம் பெயர்களில் இனிஷியல் உண்டு. "எஸ். கார்த்திக்" என்ற பையனின் படிவத்தை ஒருவர் 'எஸ்' எழுத்தில் வைப்பார், இன்னொருவர் 'கே' எழுத்தில் வைப்பார். ஒரே முகாமில் நான்கு கார்த்திக்கும் ஐந்து பிரியாவும் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கார்த்திக் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' சேர்த்துக்கொள்வார், இன்னொரு கார்த்திக் சேர்க்க மாட்டார். படிவத்தில் 'சாய் பிரணவ்' என்று இருக்கும். வீட்டில் கூப்பிடுவது 'அப்பு'.

நூலகங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஒரு புத்தகம் நூலகத்துக்கு வந்தவுடன் பதிவேட்டில் அதற்கு ஒரு வரிசை எண் கொடுப்பார்கள். முதலில் வந்தது 1, அடுத்து வந்தது 2. அந்த எண் மாறாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-ல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவரே அதற்கு முன் கணிதம் கற்பித்தவர். நாமும் எண்களிடமே போவோம்.

முகாமில் சேர்ந்த வரிசையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண் கொடுங்கள். 120 பேர் என்றால் 001 முதல் 120 வரை. படிவத்தின் வலது மேல் மூலையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். அந்தக் குழந்தை பற்றிய எல்லாத் தாளிலும் அதே எண் இருக்க வேண்டும். அண்ணன், தம்பி என்றாலும் ஆளுக்கு ஓர் எண். நீச்சலுக்குத் தனி வரிசை, செஸ்ஸுக்குத் தனி வரிசை என்று பிரிக்க வேண்டாம். இரண்டாவது வாரத்தில் ஒரு குழந்தை செஸ்ஸை விட்டுவிட்டு ஓவியத்துக்குப் போகும்; இன்னொன்று இரண்டிலும் சேரும். வகுப்பு மாறலாம், எண் மாறக்கூடாது.

இந்த முறையில் பலர் கவனிக்காத ஒரு லாபம் உண்டு. பெயர் வரிசையில் அடுக்கினால் ஒரு படிவம் காணாமல் போனதே தெரியாது. எண் வரிசையில் 046-க்குப் பிறகு 048 வந்தால், நடுவில் ஒன்று இல்லை என்று பைலே காட்டிக் கொடுத்துவிடும். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும்.

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டியல்

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் வேலை ஒன்றுதான். புதிய ஒர்க்ஷீட்டின் முதல் வரியில் கீழ்க்காணும் தலைப்புகளைக் கொடுங்கள்.

எண், பெயர், இனிஷியல், கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, போன் 1, போன் 2, உடல்நலக் குறிப்பு, அழைத்துச் செல்ல வருபவர், பைல்.

ஒரு கட்டத்தில் ஒரு தகவல் மட்டும் இருக்கட்டும். பெயரையும் இனிஷியலையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டதற்குக் காரணம், அப்போதுதான் பெயரை வைத்து ஒழுங்காக வரிசைப்படுத்த முடியும். போன் எண்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். படிவத்தில் உள்ள எல்லாவற்றையும் டைப் செய்யவும் வேண்டாம். முகவரி, பள்ளியின் பெயர், அப்பாவின் வேலை எல்லாம் படிவத்திலேயே இருக்கட்டும். தேடுவதற்கும் அவசரத்துக்கும் தேவையானது மட்டும் இங்கே வந்தால் போதும். இப்படிச் செய்தால் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். 120 குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிந்துவிடும்.

புதிதாக எக்ஸெல் பயன்படுத்துபவர்கள் மூன்று இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஒன்று: 001 என்று டைப் செய்து என்டர் தட்டினால் எக்ஸெல் அதை 1 என்று மாற்றிவிடும். பைல் 3, தாள் 12 என்பதைக் குறிக்க 3-12 என்று டைப் செய்தால், அதை டிசம்பர் 3 என்று தேதியாக எடுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க, டைப் செய்யும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் என்பதில் நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். போன் எண் வரிசைகளுக்கும் இப்படியே செய்யலாம்.

இரண்டு: இது ஆபத்தானது. பெயர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் பட்டனை அழுத்தினால், மற்ற வரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்ஸெல் ஒரு கேள்வி கேட்கும். படிக்காமல், தேர்ந்தெடுத்ததை மட்டும் மாற்று என்று சொல்லிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும். போன் எண்ணும் உடல்நலக் குறிப்பும் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு குழந்தையின் ஒவ்வாமை இன்னொரு குழந்தையின் பெயருக்கு நேராக வந்துவிடும். பார்த்தால் பட்டியல் ஒழுங்காகத்தான் தெரியும். இது நடக்காமல் இருக்க, தகவல்கள் உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். கிடைக்கும் சிறிய விண்டோவில், முதல் வரி தலைப்பு என்று டிக் செய்து ஓகே கொடுங்கள். பட்டியல் ஒரு டேபிளாக மாறிவிடும். அதன் பிறகு தலைப்பில் உள்ள அம்புக்குறியை வைத்து சார்ட் செய்தால், ஒரு குழந்தையின் வரி முழுவதும் சேர்ந்தே நகரும். கால்க் பயன்படுத்துபவர்கள் சார்ட் செய்வதற்கு முன் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: கண்ட்ரோல் + எப் அழுத்திப் பெயரைத் தேடும்போது முழுப் பெயரையும் டைப் செய்யாதீர்கள். முதல் மூன்று எழுத்து போதும். எழுத்துக்கூட்டு மாறுபாடு பெரும்பாலும் பெயரின் நடுவில்தான் இருக்கும். எத்தனை கார்த்திக் இருந்தாலும் வரிசையாக வந்து நிற்பார்கள். இனிஷியலையும் பிறந்த தேதியையும் பார்த்து யார் என்று முடிவு செய்யலாம். பக்கத்திலேயே எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பைலைத் திறந்தால் படிவம் கையில்.

கரண்ட் போனால்? அவசரத் தாள்

கோடைக் காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் கம்ப்யூட்டரும் இருக்காது. எனவே இந்தப் பட்டியலிலிருந்து ஒரு 'அவசரத் தாள்' அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வரிசையில் சார்ட் செய்து, எண், பெயர், இரண்டு போன் எண், உடல்நலக் குறிப்பு, அழைத்துச் செல்பவர் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நெடுவரிசைகளை ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்து மறைத்துவிடுங்கள். பேஜ் லேஅவுட் டேபில் பிரிண்ட் டைட்டில்ஸ் என்பதில் முதல் வரியைக் குறிப்பிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு அச்சாகும். 120 பேருக்கு நான்கைந்து பக்கம்தான் வரும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அலுவலக மேஜையில் சிவப்பு அட்டை பைலில். இன்னொன்று பயிற்சியாளரிடம், தண்ணீர் படாத பிளாஸ்டிக் கவரில். ஆம்புலன்ஸ் எண் 108, குழந்தைகள் உதவி எண் 1098, அருகிலுள்ள மருத்துவமனையின் எண் மூன்றும் முதல் பக்கத்தின் மேலே இருக்கட்டும். அச்சிட்ட தேதியும் வேண்டும். புதிய குழந்தை சேர்ந்தாலோ, போன் எண் மாறினாலோ புதிதாக அச்சிட்டு, பழைய பிரதிகள் இரண்டையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாகப் புழங்கினால், அவசரத்தில் எதைப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

'அழைத்துச் செல்ல வருபவர்' என்ற தலைப்பைப் பலர் தேவையில்லை என்று நினைப்பார்கள். மாலையில் ஒருவர் வந்து "நான் பாப்பாவோட மாமா, அக்கா அனுப்பினாங்க" என்கிறார். குழந்தையை அனுப்பலாமா, கூடாதா? பட்டியலில் அவர் பெயர் இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் அம்மாவுக்கு ஒரு போன். அலுவலகத்தில் இருப்பவர் தன் ஊகத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அல்ல இது. பெற்றோர் எழுதிக் கொடுத்த தாள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாள் வெளியே போனால்

பைல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், யாராவது ஒரு தாளை எடுத்துப் போய்த் திருப்பி வைக்காவிட்டால் எல்லாம் வீண். இதற்குப் பழைய அரசு அலுவலகங்களிலும் நூலகங்களிலும் உள்ள எளிய வழியைப் பின்பற்றுங்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்க அட்டையைப் படிவ அளவில் நாலைந்து வெட்டித் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 047-ஐ எடுக்கும்போது அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி, யார் எடுத்தார், எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதுங்கள். தாள் திரும்பி வந்ததும் அழித்துவிட்டு அட்டையை மறுபடி பயன்படுத்தலாம்.

ரசீதுகளுக்கும் இதே எண் ஒழுக்கம்தான். ரசீது எண்ணைச் சேர்க்கைப் படிவத்தில் எழுதுங்கள். குழந்தையின் எண்ணை ரசீதில் எழுதுங்கள். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி அசல், நகல் இரண்டையும் புத்தகத்திலேயே பின் செய்து வையுங்கள். எண் வரிசை விட்டுப் போகாமல் இருந்தால், கடைசி நாள் கணக்கில் யார் மீதும் சந்தேகம் வராது.

எதை ஸ்கேன் செய்யலாம்?

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டாம் என்றேன். தொலைந்தால் மறுபடி வாங்க முடியாததை மட்டும் செய்யலாம். இட அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், கையெழுத்திட்ட சம்மதக் கடிதங்கள் போன்றவை போதும். 300 டி.பி.ஐ. அளவில், பி.டி.எப். பைலாகச் சேமியுங்கள். பைலுக்குப் பெயர் கொடுக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்குங்கள். உதாரணமாக, "2026-04-15 வாடகை ஒப்பந்தம்". இப்படி வைத்தால் போல்டரில் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். தேதியை முதலில் போட்டால் ஏப்ரல் 1-ம் மே 1-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

பட்டியல் உள்ள எக்ஸெல் பைலுக்கு ஒரு பாஸ்வேர்ட் கொடுங்கள். பைல் மெனுவில் இன்போ, அதில் புரொடெக்ட் ஒர்க்புக், அதில் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாப்டாலும் திறந்து தர முடியாது என்பதால் முகாம் நடத்துபவரிடமும் சொல்லி வையுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். குழந்தைகளின் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். போட்ட பிறகு அது எத்தனை போன்களில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

முகாம் முடிந்த பிறகு

மே மாதக் கடைசியில் பரிசளிப்பு விழா முடிந்ததும் இந்தத் தாள்கள் என்ன ஆகின்றன? பெரும்பாலும் எடைக்குப் போகின்றன. பழைய பேப்பர் கடையிலிருந்து பெட்டிக்கடைக்குப் போய், கடலைப் பொட்டலமாகத் திரும்பி வரும் காகிதத்தை நாம் எல்லோருமே பிரித்துப் படித்திருக்கிறோம். அந்தப் பொட்டலத்தில் ஒரு சிறுமியின் போட்டோ, வீட்டு முகவரி, அம்மாவின் போன் எண், எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப் போவார் என்ற விவரம் எல்லாம் இருந்தால்?

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும், வாங்கிய காரணம் தீர்ந்ததும் தகவலை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய தகவலும் இதற்குள் அடங்கும். இந்தச் சட்டத்தைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்பிக் கொடுத்த பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை இது.

தேவையில்லாததை வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. செஸ் கற்க வரும் குழந்தையிடம் ஆதார் நகல் எதற்கு? வயதுச் சான்றாக அதைத்தான் கொடுக்கிறார்கள் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

முகாம் முடிந்ததும் கட்டு கட்டாகப் பிரியுங்கள். ரசீதும் பில்லும் கணக்குப் பார்ப்பவர் சொல்லும் காலம் வரை இருக்கட்டும். சான்றிதழ் நகல்களைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுங்கள். உடல்நலக் குறிப்பு, போட்டோ, முகவரி உள்ள தாள்களை வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊற வைத்துக் கூழாக்கிவிடுங்கள்; மெஷின் எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலை அழிக்கும்போது ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பென் டிரைவில் உள்ள நகலையும் மறக்க வேண்டாம்.

சரிபார்க்க ஒரு சோதனை

எல்லாம் தயாரான பிறகு, முகாமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை மேஜையில் உட்கார வைத்து, ஏதாவது ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிப் படிவத்தை எடுக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் உங்கள் அலுவலகம் தயார். பிறகு கம்ப்யூட்டரை ஆப் செய்துவிட்டு, அவசரத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு பெயரைச் சொல்லுங்கள். அதிலும் தேறினால் முகாமைத் தைரியமாகத் தொடங்கலாம்.

இதற்கு ஆகும் செலவு நான்கு பாக்ஸ் பைல், ஒரு பஞ்சிங் மெஷின், ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா, இரண்டு மணி நேர டைப்பிங். வருகிற கோடையில் அந்த பிளாஸ்டிக் கவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், தயங்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.